இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி

பாட்டுக் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாரிக்கண்ணன் மாமா மூடமாட்டார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவே உள்ள சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது.

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர் அவர். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தாளை உருவி, லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. சிவப்பு மயிரிழை விலகினாலும் காலண்டர் முருகனுக்கு உதடு இரண்டாகிவிடும். ரிஜிஸ்டர் போச்சு என்பார்கள். மாமா பாட்டையும் அப்படித்தான் பார்த்தார்.

என் அக்கா சொர்ணலட்சுமியை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பிறகு அதே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை கிடைத்து, அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியேறினேன். மாமாவின் ஆசையின் பழைய கதையை அங்கேதான் கேட்டேன்.

வாலிபத்தில் ஒருமுறை முதலாளியின் காரில் மதுரைக்குப் போயிருக்கிறார். மெஷினுக்குச் சாமான் வாங்க. பின் சீட்டில் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். டேப்பில் பாட்டு ஓடியது. பாடகர் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பானெட் மேல் உட்கார்ந்துகொண்டு இவரைப் பார்த்துப் பாடியிருக்கிறார்.

“பொட்டி ரெண்டும் ரெண்டு கதவுல இருக்கு மாப்ள. நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஆனா பாடுறவர் நடுவுலதான் இருக்கார். ரெண்டு பிளேட்டு அடிச்சு ஒரு முகம் விழுந்த மாதிரி.”

அன்றிலிருந்து வீட்டில் அந்த நடுவைக் கொண்டுவரப் பார்த்தார். ரேடியோ கடைக்காரர்கள் ஒட்டுப்பலகையில் அடித்துக்கொடுத்த பெட்டிகள் வந்தன, போயின. ஒன்று தடித்த குரலில் பேசும், மற்றது மூக்கால் பேசும். பாடகர் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றார். பழைய காலத்துப் பெரிய பெட்டி, ஒரே கையால் சேர்த்துச் செய்த ஜோடி வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். அவசரம் மட்டும் இல்லை.

அவசரம் காதினால் வந்தது. மெஷின் ஓடும்போது அவருடைய இடது காதுதான் அதன் பக்கம் இருக்கும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. பக்கத்தில் நடக்கும்போது என்னை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வதை நான் கொஞ்ச நாளாகவே கவனித்திருந்தேன். மதுரையில் பார்த்த டாக்டர், இடது காது மெல்ல மங்கிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிடும், வலது காதுக்கு ஒன்றும் ஆகாது என்றார். பேச்சு கேட்குமே, அது போதும் என்று அக்கா சாமிக்குக் காசு முடிந்துவைத்தாள். திரும்பும் பஸ்ஸில் கள்ளிக்குடி தாண்டிய பிறகு மாமா என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“ஒத்தக் காதுக்கு நடு ஏது மாப்ள?”

*

அந்த வருடம் காலண்டர் சீசனில் விருதுநகர் சம்சு பாயிடம் மாதிரித் தாள் காட்டிவர என்னை அனுப்பினார்கள். பாய் மொத்த மளிகை வியாபாரி. கடையில் இல்லாததால் வீட்டுக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கூடத்து மூலையில் அதைப் பார்த்தேன். பூப்போட்ட துணி போர்த்தி, மேலே ஒரு மேசை ஃபேன். துணி ஒதுங்கிய இடத்தில் கருப்புத் திரையும் தேன் நிற மரச் சட்டமும் தெரிந்தன. என் இடுப்புக்கு மேல் உயரம். பின்பக்கம் வெள்ளை எழுத்தில் ‘L’ என்று இருந்தது.

“இதுக்கு ஜோடி இல்லையா பாய்?” என்றேன்.

“இருக்கு. தம்பி வீட்ல இருக்கு” என்று சொல்லி, காலண்டரில் தன் கடைப் பெயரின் சிவப்பு போதாது என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாமா போனில் பேசியபோதுதான் பாய் முழுவதும் சொன்னார். அவர்களைப் பெற்ற அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தவை அந்தப் பெட்டிகள். அத்தா மௌத்தான பிறகு பாகம் பிரித்தார்கள். இரண்டாக இருந்ததெல்லாம் ஆளுக்கு ஒன்று என்று பெரியவர்கள் முடித்துவைத்தார்கள். பீரோ, கட்டில், பிரியாணி ஆக்கும் தேக்சா எல்லாம் அப்படிப் பிரிந்தன. அந்த வரிசையில் பாட்டுப் பெட்டிகளும் பிரிந்தன. அத்தா தினமும் கேட்ட பினாங்குக் கேசட் மட்டும் ஒன்றாக இருந்தது. அதை ரேடியோ கடையில் கொடுத்து இன்னொன்று பதிந்துகொண்டார்கள்.

தம்பி ஃபரீத், ஆலங்குளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

சம்சு பாய் விற்கத் தயாராக இருந்தார். மகள் சுமைராவுக்குக் கல்யாணம், கூடத்தை ஒழிக்க வேண்டும். “நீங்க எடுக்கலைன்னா பழைய சாமான்காரன் எடுத்துட்டுப் போயிருவான்” என்றார். தம்பியின் நம்பர் அவரிடம் இல்லை. ஆலங்குளத்தில் விசாரித்து வாங்கி மாமா கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“எங்க அண்ணன் விக்கிறதை விக்கட்டும். என் பொட்டி எங்கயும் வராது.”

அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து கம்பி மத்தாப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்டு வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலை. அட்டையை மடக்கியபடியே கேட்டாள்.

“ஒத்தச் செருப்ப வாங்கிட்டு வந்து என்ன செய்யப் போறீக?”

“ஒண்ணு கையில இருந்தாத்தான இன்னொண்ணைத் தேட முடியும்.”

“நல்லாத் தேடுங்க. ஒரு பொட்டியோட வீட்டுக்குள்ள வந்தா உங்களையும் சேத்து மூலையில வச்சுத் துணியப் போட்டு மூடிருவேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பாண்டியின் வண்டியில் போனோம். குட்டியானை லோடு வண்டிகள் ஊருக்குள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம். முத்துப்பாண்டிக்கு எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளின் லோடுதான் தொழில். வேறு எதை ஏற்றினாலும் அவனுக்குக் கை அதே முறையில்தான் போகும். சம்சு பாய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். இடுப்பிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தான். என்னுடைய சட்டைப்பையையும் தட்டிப் பார்த்தான். பாயின் கடைப் பையன்கள் பெட்டியைத் தரையில் இழுக்கப் போனதும் பதறிவிட்டான்.

“இழுக்காதீக, இழுக்காதீக. தூக்கணும்.”

“பாட்டுப் பொட்டிதானப்பா” என்றார் பாய்.

“எனக்கு எல்லாம் வெடிக்கிற சாமான்தான் பாய்.”

மாமா அச்சகத்திலிருந்து பெரிய அட்டைகள் கொண்டுவந்திருந்தார். திரையை விலக்கி உள்ளே இருந்த காகிதக் கூம்பை விரலின் பின்புறத்தால், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டார். கிழிசல் இல்லை. அட்டையை முன்னால் வைத்துக் கட்டப் போகும்போது சம்சு பாய் கையைக் காட்டித் தடுத்தார்.

“போறதுக்கு முன்னாடி ஒருதடவை பாடிரட்டும்.”

பினாங்குக் கேசட்டைப் போட்டார். ரேடியோவில் ஒருநாளும் வராத பாட்டு. யார் பாடியது என்று உறையிலும் இல்லை. அந்த ஊர்த் தோட்டத்துப் பக்கம் யாரோ தமிழர்கள் பாடிப் பதிந்தது என்றார். ஒரு ஆண் குரல் இரண்டு அடி பாடி நின்றது. புல்லாங்குழல் வந்தது. சின்னதாக ஏதோ கேட்டுவிட்டு நின்றது. பிறகு ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். மறுபடி குழல் அதையே வேறு மாதிரி கேட்டது. மறுபடி ஒன்றுமில்லை.

“இந்த இடம்தான்” என்றார் பாய். “குழல் கேக்கும். கேட்டுட்டு அப்படியே நிக்கும். யாரும் பதில் சொல்ல மாட்டாக. திரும்பக் கேக்கும். அதுதான் இந்தப் பாட்டுக்கு அழகு.”

மாமா பாட்டுப் பெட்டியைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்த ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘L’ என்று போட்ட இடத்தில் ஒயர் போயிருந்தது. ‘R’ என்று போட்ட இடம் காலியாக இருந்தது.

வண்டி கிளம்பி ஆமத்தூர் வந்தது. அங்கே டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வண்டியை எட்டிப் பார்த்தார்.

“கோயில் கொடையா, கட்சிக் கூட்டமா?”

“வீட்டுக்கு” என்றான் முத்துப்பாண்டி.

“வீட்ல யாருக்குச் சடங்கு?”

“யாருக்கும் இல்ல. சும்மா கேக்கிறதுக்கு.”

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இம்புட்டுப் பெரிய பொட்டி, சும்மா கேக்கிறதுக்கா? காது நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?”

மாமா சிரித்தார். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டேன். வண்டியில் ஏறும்போது வழக்கம்போல் என்னை வலது பக்கம் உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார்.

“அது மூச்சு வாங்கிற இடம் இல்ல மாப்ள. பாதித் தாள். பாய் இம்புட்டு வருஷமா மஞ்சளை மட்டும் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார். நீலம் ஆலங்குளத்துல கிடக்கு.”

“அவர்கிட்டச் சொல்லலியா மாமா?”

“பொட்டிய வண்டில ஏத்தின பிறகு சொல்லி என்ன செய்ய? மனசு கெட்டுப்போகும்.”

திருத்தங்கல் வந்தது. எங்கள் தெருமுனையில் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். ஆரத்தித் தட்டு ஒன்றுதான் குறை. முத்துப்பாண்டி இண்டிகேட்டர் போட்டான்.

“திரும்பாதலே” என்றார் மாமா. “நேரா ஆலங்குளம் விடு.”

அக்காவின் வாய் திறந்தபடியே பின்னால் போனது. சிவகாசி எல்லைக்குள் நுழையும்போது என் செல் அடித்தது. “என்னலே, உங்க மாமாவுக்கு வீடு மறந்துபோச்சா?” என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், நீலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

*

ஆலங்குளத்தில் ஃபரீதின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. மாமா வாசலில் நின்று, தான் யார் என்று சொன்னார். ஃபரீத் மெலிந்த, உயரமான மனிதர். முகம் சட்டென்று இறுகியது.

“போன்லயே சொல்லிட்டேன்ல? விக்கிறதா இல்ல.”

“விக்க வேண்டாம் பாய். அண்ணன் பொட்டி வண்டில இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரே ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போயிர்றேன். எனக்குக் காது கேக்கிறப்பவே கேட்டுக்கிறணும், அம்புட்டுதான்.”

காதைப் பற்றி அவர் வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அச்சகத்தில்கூடத் தெரியாது. ஃபரீத் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி பல்கீஸின் குரல் வந்தது.

“வந்தவகளை வாசல்ல நிறுத்திப் பேசாதீக. உள்ள வரச் சொல்லுங்க.”

உள்ளே ஒரு சுவர் முழுவதையும் அந்த மற்றப் பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அதே தேன் நிறம், அதே உயரம். மேலே தையல் சாமான் டப்பாக்கள். பல்கீஸ் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே சொன்னார்.

“இது வீட்டுக்காரர். நாங்கல்லாம் வாடகைக்கு இருக்கோம்.”

முத்துப்பாண்டியும் நானும் அண்ணன் பெட்டியைத் தூக்கி வந்தோம். ஃபரீத் உதவிக்கு வரவில்லை. ஆனால் அது வாசற்படியில் இடிக்காமல் இருக்கக் கையைக் குறுக்கே வைத்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் ‘R’ என்ற இடத்தில் மட்டும் ஒயர் இருந்தது. ‘L’ என்ற ஓட்டையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

“R போட்ட பொட்டி. R ஓட்டையில மாட்டுனேன்” என்றார் ஃபரீத். “அப்படித்தான மாட்டணும்?”

“அப்படித்தான் மாட்டணும்” என்றார் மாமா. பல்கீஸ் கொடுத்த ஹேர்பின்னால் குளவிக் கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தார். மண் பொடியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். ஒயரைச் சொருகினார். பிறகு இரண்டு பெட்டிகளையும் நகர்த்தி, முத்துப்பாண்டியின் உத்தரவுப்படி இழுக்காமல் தூக்கி வைத்து, கையால் இடைவெளி அளந்தார். நடுவில் ஒரு மர நாற்காலியைப் போட்டு ஃபரீதைப் பார்த்தார்.

“நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கிர்றேன்” என்றார் ஃபரீத். தனக்கு ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். பல்கீஸ் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்.

அவருடைய பினாங்குக் கேசட்டும் அதே பாட்டில் தொடங்கியது. ஆண் குரல் இரண்டு அடி பாடியது. மாமா நாற்காலியோடு கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். தாளை ஒரு நூல் தள்ளி வைத்துப் பார்ப்பதுபோல. மங்கிய காதைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோய்ச் சரிக்கட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஓரிடத்தில் நகர்வதை நிறுத்தினார். கையைத் தூக்கி, எதிர்ச் சுவரில் தொங்கிய கடைக் காலண்டரைக் காட்டினார்.

“இங்கன இருக்கார்” என்றார்.

ஃபரீத் அவர் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு டீ டம்ளரை எடுத்தார். பல வருடப் பழக்கம் போலிருக்கிறது. குரல் நின்றதும் பாட்டில் ஒரு வெற்றிடம் வரும், அதில் ஒரு மடக்குக் குடிக்கலாம். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் போனபோது இடது பெட்டியில் குழல் கேட்டது.

டம்ளர் அங்கேயே நின்றது. வலது பெட்டியில் வயலின் பதில் சொன்னது. குழல் மறுபடி கேட்டது. வயலின் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது. ஃபரீதின் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது, இரண்டு பேர் பேசுவதைப் பார்க்கிறவரின் தலை போல. டம்ளர் கையில் சாய்ந்து டீ வேட்டியில் சொட்டியது. பல்கீஸ் அதைப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. “இன்னொரு தடவை போடுங்க” என்றார் ஃபரீத். அது அவருடைய வீடு, அவருடைய டேப் என்பதே மறந்துவிட்டது. இரண்டாம் தடவை முடியும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஃபரீத் எழுந்து டேப்பின் சத்தத்தை அடக்கினார். பாங்கு முடிந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க அத்தா கதவைச் சாத்திட்டுத்தான் கேப்பாக. நாங்க உள்ள போனதில்ல. சன்னல் வழியா எட்டிப் பாப்பேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இருப்பாக. ஏன்னு இப்பத்தான் தெரியுது.”

மாமா எழுந்து ஒயரைக் கழற்றப் போனார். ஃபரீத் தடுத்தார்.

“அண்ணன் பொட்டி இங்கனயே இருக்கட்டும். நீங்க குடுத்ததுக்கு மேல வாங்கிக்கங்க.”

மாமாவின் கை ஒயரிலேயே இருந்தது. முகத்தில் கோபமில்லை. திருவிழாவில் கையைவிட்டுப் போன பலூனைப் பார்க்கிற முகம். அவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அத்தாவைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்ன பிறகு அவரால் சொல்ல முடியாது. அவர் விரல்கள் ஒயரை விட்டன.

பல்கீஸ் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கணவரிடம் கேட்டார்.

“அண்ணன் பொட்டி வேணும். அண்ணன் வேணாமா?”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். இது ரெண்டும் இங்க இருந்தா யாரு கேப்பா? நீங்க ஒருத்தரு. உங்க அண்ணன் இந்த வாசப்படி ஏறமாட்டாக. நீங்களும் கூப்பிட மாட்டீக. அப்பவும் பாதிதான்.”

ஃபரீத் வேட்டியிலிருந்த டீக் கறையைத் தேய்த்தார். பிறகு மாமாவிடம் கேட்டார்.

“உங்களுக்கு வீடு எங்கன?”

“திருத்தங்கல்.”

“விருதுநகருக்கும் எங்களுக்கும் நடுவுல” என்றார். தனக்குத்தானே சொன்னதுபோல் இருந்தது. எழுந்து தன் பெட்டியின் ஒயரைத் தானே கழற்றினார். “முத்துப்பாண்டிதான உன் பேரு? வாப்பா, அந்தப் பக்கம் பிடி. இழுக்காத.”

*

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் இரண்டு பெட்டிகள் இறங்கின. என்ன விசேஷம், யாருக்குச் சடங்கு என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அக்கா காபி போட்டுக் கொடுத்துக் களைத்துப்போனாள். விசேஷம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேலத் தெருவிலிருந்து ஒரு கிழவர் இரண்டு நாள் கழித்து வந்து, கொடைக்கு இரவல் கிடைக்குமா என்று கேட்டார்.

சம்சு பாய் போன் பண்ணினார். வண்டி பத்திரமாக வந்ததா என்றுதான் தொடங்கினார். பிறகு, “தம்பி பொட்டியும் வந்துருச்சாமே” என்றார்.

“வந்துருச்சு பாய்.”

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா இருக்கு?”

“இல்ல பாய். ஆறடி தள்ளித்தான் வச்சிருக்கேன்.”

“அதுவும் சரிதான். ஒட்டி வச்சா ரெண்டும் நல்லா இருக்காது.”

சுமைரா கல்யாணம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முதல் தடவை வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் ஃபரீத் வருவார். யார் வந்தாலும் மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் நின்றுகொள்வார். குழல் கேட்டு வயலின் பதில் சொன்னபோது சம்சு பாய், “யாரு இது?” என்றார். இருவரும் ஒரே நாளில் வந்ததில்லை. ஆனால் போகும்போது இருவருமே, அடுத்தவர் எப்போது வந்துபோனார் என்று வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் கேட்டுவிடுவார்கள். மாமா ஒளிக்காமல் சொல்வார்.

மற்ற நாட்களில் அந்த நாற்காலி மாமாவுடையது. வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. சத்தம் தெருவுக்குப் போகாது. பெட்டி பெரிசு, பேச்சு சின்னது என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள்.

நாற்காலி விஷயத்தை முதலில் கவனித்தது அக்காதான். கூட்டும்போது அதை எடுத்து வைக்கிறவள் அவள். சிவப்புத் தரையில் நாற்காலிக் கால்களின் தடம் விழுந்திருக்கும். ஒருநாள் நான் மாடிப்படி இறங்கும்போது கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஏலே, உங்க மாமா நாற்காலி இடது பொட்டியப் பாத்து நடந்து போகுது.”

நான் தடத்தைப் பார்த்தேன். நடுவிலிருந்து வெகுதூரம் வந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. தினமும் கூட்டி முடித்ததும் முந்தின நாள் வைத்த அதே இடத்தில் நாற்காலியைத் திருப்பி வைத்தாள். ஒரு நூலும் கூட்டாமல், குறைக்காமல். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மறு வருடம் ஐப்பசியில் நாற்காலி பெட்டியை ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் சுவர்தான். தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தாப்புப் பெட்டி ஆர்டர் குவிந்திருந்த ஒரு சாயங்காலம், மாமா அந்த நாற்காலியைத் தூக்கினார். இழுக்காமல் தூக்கி, பழைய நடுவில் கொண்டுவந்து வைத்தார். தாழ்வாரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“சொர்ணம், இங்கன வந்து உக்காரு.”

“கையெல்லாம் பசையா இருக்கு.”

“பசை இருந்தா என்ன. பாட்டு ஒட்டிக்கிறாது. வா.”

அவள் முழங்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவ்வளவு நாளில் அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாமா அவளுக்கு எதிரே தரையில், சுவரில் முதுகு சாய்த்து, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். பினாங்குக் கேசட் ஓடியது. சம்சு பாய் தன்னுடையதை இங்கேயே விட்டுப் போயிருந்தார்.

“இப்ப எங்கன வருது?” என்றார்.

“எது?”

“பாட்டு.”

“பாட்டு பொட்டியிலருந்துதான் வருது. வேற எங்கனயிருந்து வரும்?”

“சரியாக் கேளு. எந்தப் பக்கம்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். பிறகு அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. குழல் வந்ததும் ஒரு விரலை நீட்டி இடது பெட்டியைக் காட்டினாள். வயலின் வந்தபோது விரல் வலது பக்கம் போனது. திரும்ப இடது. திரும்ப வலது. மத்தாப்புப் பெட்டி ஒட்டுகிற அதே வேகத்தில், அதே கவனத்தில்.

மாமா தன் வலது காதால் கேட்டதை அந்த விரலோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழலும் வயலினும் நின்று குரல் தொடங்கியது. விரல் தயங்கியது. ஒரு பெட்டிக்குப் போகப் பார்த்துத் திரும்பியது. அடுத்ததற்குப் போகப் பார்த்துத் திரும்பியது. கடைசியில் மாமாவின் தலைக்கு மேலே, வெறும் சுவரில் போய் நின்றது.

“இங்கன” என்றாள். “யாரோ நிக்கிற மாதிரி இருக்கு.”

“ஆமா. அவர்தான்” என்றார் மாமா.

அவர் திரும்பிச் சுவரைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நுனியில் பசை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.